மேசைமேல் ஒரு வேதக்கோயில்

2025 மே 4, ஞாயிறு

பாரிசிலிருந்து தங்கை சோபனா அனுப்பிய பெட்டியில் மிஞ்சிக் கிடந்த கடைசிப் பையை இன்று பிரித்தேன். பால்மா, சொக்லேட், அவளுக்கு அளவில்லாமல் போன சட்டைகள் எல்லாம் போன கிழமையே பங்கு போட்டாயிற்று. இந்தப் பைக்குள் இருந்தவை அவள் மகன், என் பெறாமகன், விளையாடி அலுத்த லெகோக் கற்கள். ஒரு பெரிய கோட்டை, அதோடு கலந்து வேறு என்னென்னவோ.

"ஆரும் சின்னப் பிள்ளையளுக்குக் குடு அக்கா" என்றாள் தொலைபேசியில்.

குடுக்கிறன் என்றேன்.

குடுக்கப் போவதில்லை.

மே 6, செவ்வாய்

என்ன கட்டுவது என்று முடிவாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இருபத்திரண்டு வயதிலேயே முடிவானதுதான்.

பல்கலைக்கழகத்தில் மத்தியகால ஐரோப்பாவின் தேவாலயங்கள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். கூர்வளைவு, பறக்கும் தாங்கிகள், நிறக்கண்ணாடி யன்னல். சுவர் மெல்லியதாக இருந்தும் ஏன் விழாது என்று படம் கீறி விளக்கம் வேறு. ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. விரிவுரையாளரும் கண்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளிகளோடு அபிவிருத்தி உத்தியோகத்தராகி, யார் வீட்டுக்கு மலசலகூட மானியம் கொடுக்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே கோட்டையைப் பிரித்து அப்படியொரு பழைய தேவாலயம், எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்கோயில். அந்நாளில் பறங்கியர் இங்கே மலையில் இருந்த கோயிலை உடைத்துக் கோட்டை கட்டினார்கள். நான் கோட்டையை உடைத்துக் கோயில் கட்டுகிறேன். வேறு கோயில்தான். ஆனாலும் ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கிறது.

மே 9, வெள்ளி

சாப்பாட்டு மேசையைப் பிடித்துவிட்டேன். மகள் பேராதனைக்குப் படிக்கப் போனபின் அந்த நீள மேசையில் இரண்டு கோப்பைகள்தான், அதுவும் ஒரு மூலையில்.

இவர் வேலையால் வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் பழுதுபார்க்கிற மனுசன், பெரிய இரும்புகளுக்கு அஞ்சாதவர். மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சேரும், இது எத்தினை நாளைக்கு?"

"முடியுமட்டும்."

"அப்ப சோறு?"

"மடியில வைச்சுச் சாப்பிடுங்கோ. கலியாண வீட்டில சாப்பிடுறேல்லையோ?"

சாப்பிட்டார். பாவம். ஆனால் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து மற்றதன் மேல் அமர்த்தி, "டிக்" என்ற சத்தத்தைக் கேட்டு, மறுபடி கழற்றி, மறுபடி அமர்த்தினார். நான் காணவில்லை என்று நினைத்தார்.

மே 12, திங்கள்

வெசாக் விடுமுறை. பகல் முழுக்க நடுக்கூடத்துக் கூரை. ஒவ்வொரு வரியையும் அரைக்கல் உள்ளே தள்ளித் தள்ளி இரண்டு பக்கத்தையும் உச்சியில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். கச்சான் காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்தியது. சுவர்கள் இரண்டும் வெளியே சரிந்து, கூரை முழுவதும் உள்ளே இறங்கிவிட்டது.

சனியன்.

மே 16, வெள்ளி

இன்று ஒரு பிழை விட்டேன். அதாவது "சும்மா" என்று சொன்னேன்.

மச்சாள் புஸ்பராணி வந்தா. இவரின் அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. வேலியில் ஒரு இடைவெளி வைத்திருக்கிறா. அதால் வந்தால் கதவைத் தட்டத் தேவையில்லை என்பது அவவின் சட்டம்.

"என்னடி இது?"

"வேதக்கோயில், மச்சாள்."

"ஆற்றை?"

"என்ர."

"ஏன் கட்டிறாய்?"

"சும்மா."

அவ்வளவுதான். ஒரு போட்டிக்கு என்றோ கந்தோர் வேலைக்கு என்றோ சொல்லியிருந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருப்பா. காரணமில்லாமல் ஒருத்தி ஒன்றைச் செய்கிறாள் என்றால் பெரிய காரணம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மச்சாளின் கண் என் நெற்றிக்கு ஏறியது. ஒட்டுப்பொட்டின் பசை ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்து, ஒரு கிழமையாக நான் பொட்டு வைப்பதில்லை. பிறகு கண் மேசை மூலைக்கு இறங்கியது. அங்கே கந்தோரில் கூட வேலை செய்கிற பரீனா தந்த மீன் கட்லட், பாதி கடித்தபடி. வெள்ளிக்கிழமை.

ஒன்றும் பேசாமல் வேலி இடைவெளியால் போனா. மச்சாள் ஒன்றும் பேசாமல் போனதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

மே 18, ஞாயிறு

ஆனித் திருவிழா நெருங்குகிறது. பிள்ளையார் கோயில் ஐந்தாம் திருவிழா அப்பாவின் உபயம். அன்றைய பூசையும் சாத்துப்படியும் அன்னதானமும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. தர்ப்பை போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நின்ற அப்பாவைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். போன வருடம் அப்பா இறந்த துக்க வருடம் என்று பெரியப்பா மகன் யோகலிங்கம் அண்ணா நடத்தினார். ஆட்டைத் திவசம் முடிந்துவிட்டது. இந்த முறை நான்.

அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊர்தான் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நாளில் அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். இது பக்தியா, பிடிவாதமா? தெரியவில்லை. இரண்டும் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன.

மே 21, புதன்

பரீனா என் எதிர்மேசை. குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவள். இன்று கைப்பையைக்கூட வைக்காமல் வந்து நின்றாள்.

"நீ வேதத்துக்கு மாறிட்டியாமே?"

"ஆர் சொன்னது?"

"பஸ்ஸில ரெண்டு பேர் கதைச்சாங்க. பேரும் சொன்னாங்க, கந்தோரும் சொன்னாங்க. கோவமாத்தான் இருக்கு எனக்கு. மாறுறதெண்டா எங்கட பக்கமும் ஒருக்கா யோசிச்சிருக்கலாமே? எத்தின வருசமா முன்னுக்கு இருக்கன்!"

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். பொட்டு, கட்லட், போன ஞாயிறு காலை வெள்ளைச் சேலையோடு போனது (பசை வாங்கப் போனேன், ஹாட்வெயார் கடைக்கு) எல்லாவற்றையும் மச்சாள் ஒரு மாலையாகக் கட்டிவிட்டா.

"அப்ப இல்லையெண்டு சொல்லு" என்றாள் பரீனா.

"ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே."

பிறகு அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பை தந்தாள். அவள் வீட்டு அலுமாரிக்கு அடியில் கிடந்தவையாம். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, வெளிச்சம் ஊடுருவும் கற்கள். எனக்கு வட்ட யன்னல் கிடைத்துவிட்டது.

மே 25, ஞாயிறு

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இது எனக்கு மட்டும் எழுதுவதுதானே.

வேதக்காரியாக இருப்பது மிகவும் வசதி.

இந்தக் கிழமை யாரும் மோதகம் பிடிக்க வரச் சொல்லவில்லை. மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. மச்சாள் விடிய வந்து குசினிச் சட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை. நேற்று ரோட்டில் என்னைக் கண்டு மற்றப் பக்கம் மாறினா. அந்தப் பக்கம் ஊருக்குள் திரிகிற மான் இரண்டு நின்று யாரோ வீட்டு மல்லிகையைத் தின்றுகொண்டிருந்தன. மாறிப் போனவ மான்களுக்கு வழி விட்டு, மறுபடி என் பக்கத்துக்கே வர வேண்டியதாயிற்று. நான் தலையைக் கொஞ்சம் சாய்த்து, மிகுந்த சாந்தத்தோடு சிரித்தேன். வேண்டுமென்றுதான்.

தாங்கிகளும் நிற்கின்றன. சுவருக்கு வெளியே தூண், தூணிலிருந்து சுவரின் தோளுக்கு ஒரு சாய்ந்த கை. பக்கத்துக்கு நாலு. பிறகு கூரையை ஏற்றி, கதவை நானே மூன்று தரம் அடித்துச் சாத்தினேன். ஆடவில்லை. சோதனைத்தாளில் நான் எழுதியது பொய்யில்லை!

மே 30, வெள்ளி

பின்னேரம் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் இருவர் வந்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனுசிகள். மாறவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பரீனாவுக்குப் பிறகு என்னிடமே நேராகக் கேட்டவர்கள் அவர்கள்தான். மேசையைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"எங்கடையும் ஒரு தகரக் கொட்டில்தான் அக்கா. இவ்வளவு பெரிசு தேவையில்லை" என்றாள் இளையவள், என் செலவைப் பற்றிக் கவலைப்பட்டவள் போல.

அவர்கள் படலையைத் தாண்டும்போது வேலி இடைவெளியில் மச்சாளின் சேலைத் தலைப்புத் தெரிந்தது. இனி இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜூன் 3, செவ்வாய்

யோகலிங்கம் அண்ணா கதைத்தார்.

"தங்கச்சி, சித்தப்பான்ர திருவிழாவை இந்த முறையும் நானே பாக்கட்டோ? உங்களுக்கு வில்லங்கம் வேண்டாம் எண்டுதான் கேக்கிறன்."

"என்ன வில்லங்கம் அண்ணா?"

"கோயில் நிர்வாகத்தில கதைக்கினம். நீங்கள் இப்ப... வேற வழியில போறியள். அதில பிழை இல்லை. ஆனா தர்ப்பை போட்டு முன்னுக்கு நிக்கேலாதெல்லோ. இந்த முறை மாறினா மாறினதுதான், பிறகு திருப்பித் தரமாட்டினம். அதால ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஆனந்தராசா ஐயாவும் நானும் ஒருக்கா வந்து கதைச்சிட்டுப் போறம். சும்மா தேத்தண்ணிக்கு."

சும்மாவாம்.

ஜூன் 4, புதன்

நித்திரை இல்லை. என்ன வேலை பாத்தனான் நான்? ஒரு சிரிப்புக்காக, நாலு மோதகம் பிடிக்கப் பஞ்சியாகி, அப்பான்ர நாளைக் கொண்டுபோய் இன்னொருத்தற்றை கையில குடுக்கப் பாத்தனே. இல்லை என்று ஒரு சொல். வேலியில் நின்று ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். கேட்காமல் பேசுகிறவர்களுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அந்த நியாயம் இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது. அதுதான் கோபம்.

அண்ணாவிலும் பிழை இல்லை. வருடா வருடம் சாமி தூக்குகிற தோள் அது. அவருக்கென்று ஒரு நாள் இல்லை.

ஜூன் 7, சனி

"கழட்டிப் பெட்டிக்குள்ள போடும்" என்றார் இவர். "திருவிழா முடியக் கட்டலாம்தானே. பத்து நிமிச வேலை."

பத்து நிமிசம்! கோபுரத்தின் மேல் கல்லில் கை வைத்தேன். கை போனது, விரல் மூடவில்லை. இதை எடுத்தால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும் போல இருந்தது. ஒளித்து வைக்க வேண்டிய ஒன்றை நான் செய்துகொண்டிருந்தேன் என்று.

கையை எடுத்துவிட்டேன். கூரையின் நடுத்துண்டை மட்டும் கழற்றினேன். வேறு எதற்கும் இல்லை, உள்ளே தூசி துடைக்க. வருகிற ஆட்கள் பார்க்கட்டும். சுத்தமாக இருக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

எழுத முடியவில்லை. சிரிப்பில்.

நாலு மணிக்கு வந்தார்கள். நிர்வாகத் தலைவர் ஆனந்தராசா ஐயா, யோகலிங்கம் அண்ணா, அழைக்காமலே மச்சாள். இவர் அவர்களை முன்னறையில் இருத்தினார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றினேன். இவர் இரண்டு தரம் சாமியறைப் பக்கம் போய் வந்தது காதில் விழுந்தது. பயத்துக்குத் திருநீறு பூசப் போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஐயாவின் குரல்: "எங்க தம்பி, அந்தச் சாமானை ஒருக்காப் பாப்பம்."

கதிரைகள் இழுபட்டன. சாப்பாட்டறைக்குக் காலடிகள்.

தட்டோடு வந்து எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் என் வேதக்கோயிலுக்கு முன்னால் வரிசையாக நின்று தலையில் குட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் காதைப் பிடித்துத் தோப்புக்கரணமே தொடங்கிவிட்டா. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இருந்தா.

கூரை திறந்த நடுக்கூடத்துக்குள், வட்ட யன்னலுக்கு நேரே, எங்கள் வீட்டு வெண்கலப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் ஈரம் காயாத திருநீறு. தலையில் செவ்வரத்தம்பூ. பரீனாவின் நீலக் கல்லூடாக வந்த வெளிச்சம் அவர் வயிற்றில் விழுந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கு அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளையாரைக் கண்டால் கை தானாகத் தலைக்குப் போகும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. முதலில் ஐயாவுக்குத்தான் விளங்கியது. குட்டிய கை நெற்றியிலேயே நின்றது.

"தம்பி, ஆர் பிள்ளையாரை உதுக்குள்ள வைச்சது?"

"நான்தான்" என்றார் இவர். "நீங்கள் வாறியள் எண்டு..."

"எண்டு?"

"பயத்தில."

மச்சாள் பாதித் தோப்புக்கரணத்தில் காதைப் பிடித்தபடியே நிமிர்ந்தா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் தட்டை வைத்தேன். வைக்காவிட்டால் கோப்பைகள் போயிருக்கும்.

ஐயா தொண்டையைச் செருமினார். "பிள்ளை, நேராக் கேக்கிறன். நீங்கள் வேதத்துக்கு மாறிட்டியளோ?"

"இல்லை ஐயா."

"அப்ப ஏனடி அண்டைக்கே சொல்லேல்லை?" மச்சாள்.

"நீங்கள் ஏன் கட்டிறாய் எண்டுதான் கேட்டனீங்கள் மச்சாள். மாறினியோ எண்டு பஸ்ஸில போற சனத்தைத்தான் கேட்டிருக்கிறியள்."

யோகலிங்கம் அண்ணா இடையில் வந்தார். "சரி, நல்லது. அப்ப திருவிழா முடியுமட்டும் இதைக் கழட்டி வைச்சிடுங்கோ தங்கச்சி. கதையும் நிண்டிடும், சித்தப்பான்ர நாளும் உங்களோட நிக்கும். அதுதானே ஐயா?"

ஐயா தலையாட்டினார். எல்லாரும் நிம்மதியாக என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு சின்ன விசயம்! ஓம் என்றால் முடிந்தது.

"கழட்டமாட்டன் அண்ணா." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அப்பான்ர நாள் எனக்கு வேணும். இதுவும் வேணும். ஒண்டைக் காட்டி மற்றதை வாங்காதேங்கோ."

அண்ணா முகம் இறுகியது. அப்பாவின் நாள் போய்விட்டது என்று நினைத்தேன். அப்பா, போய்விட்டது.

"அதெப்பிடிக் கழட்டிறது?" என்றா மச்சாள்.

எல்லாரும் திரும்பினோம்.

"உள்ளுக்குப் பிள்ளையார் இருக்கிறார். பூ வைச்சாச்சு. மூண்டு பேரும் கும்பிட்டும் போட்டம். நினைச்ச உடன எழுப்பேலுமோ? நாள் பாக்கவேணும், ஐயரைக் கேக்கவேணும். ஒருத்தரும் உதில கை வைக்கக்கூடாது!"

மச்சாளின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வெளித்தது. இது வேதக்கோயில் என்றால் அவ வேதக்கோயிலுக்குத் தோப்புக்கரணம் போட்டவ. ஆகவே இது இனி வேதக்கோயிலாக இருக்கவே முடியாது. யாராவது இதைக் கழற்றினால் அது ஒத்துக்கொண்ட மாதிரி.

ஐயாதான் முதலில் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. "நாங்களும் கும்பிட்டாச்சு. இனி ஆர் ஆரைக் கேக்கிறது? அந்தத் தேத்தண்ணியைத் தாங்கோ பிள்ளை."

ஜூன் 10, செவ்வாய்

வேலியோரம் மச்சாளின் குரல், யாருக்கோ: "சேச்சே, என்ன கதை கதைக்கிறாய்? அது அந்தக் காலத்துக் கட்டடம். படிச்ச ஆக்கள் கட்டிப் பாக்கிறது. என்ர தம்பி பெண்சாதி பட்டதாரியெல்லோ! ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது? வாய் புழுக்கப் போகுது."

கேட்டவளுக்கு முதலில் அப்படிச் சொன்னதே மச்சாளாகத்தான் இருக்கும்.

ஜூன் 14, சனி

நிர்வாகக் கூட்டம் முடிந்தது. ஐந்தாம் திருவிழா எங்களோடுதான். இனி அதைப் பற்றிக் கதையில்லை என்று ஐயா எழுதி வைத்துவிட்டாராம்.

பின்னேரம் யோகலிங்கம் அண்ணா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு என் பக்கத்தில் நில்லுங்கள் என்றேன். கும்பம் தூக்க ஆள் வேணுமோ என்று கேட்டார். இல்லை, நிற்க என்றேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "பாப்பம்" என்றார். அண்ணாவின் பாப்பம் என்றால் ஓம்.

ஜூலை 2, புதன்

இன்று அப்பாவின் ஐந்தாம் திருவிழா. சங்கற்பத்துக்கு ஐயர் தர்ப்பையை எடுத்துக்கொண்டு வழமைபோல இவர் பக்கம் திரும்பினார். பேர், நட்சத்திரம்? இவர் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து யார் முதுகிலோ இடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"அவரை ஏன் கேக்கிறியள்? அவளைக் கேளுங்கோ ஐயா, அவளின்ர தேப்பன்ர நாள்."

மச்சாள்.

சுகந்தினி என்றேன். அத்தம் என்றேன். அது ஒலிபெருக்கியில் போய், கடல் முகத்து வீதி முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்தில் அண்ணா புது வேட்டியோடு நின்றார். எனக்கு அழுகை வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. கால்தான் நொந்தது. விடிய மூன்று மணியிலிருந்து மோதகம் பிடித்திருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

பிள்ளையாரை எழுப்ப நல்ல நாள் இன்னும் கிடைக்கவில்லை. பஞ்சாங்கம் பார்க்கிறவ மச்சாள்தான். அவவுக்குக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

இன்று காலை செவ்வரத்தம்பூவோடு வந்தா. கதவைத் தட்டிவிட்டு வந்தா! மேற்கு வாசலால் கையை விட்டுப் பூவை வைத்து, குட்டி, பிறகு நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக் கட்டடத்தைப் பார்த்தா.

"உந்தக் கூரையை ஏன் இன்னும் மூடேல்லை?"

"மூடினா பிள்ளையாரை எப்பிடிப் பிறகு எடுக்கிறது மச்சாள்?"

"எடுக்கிற நேரம் பாப்பம். முன்னுக்கு என்ன, ஒரு கோபுரம் மொட்டையா நிக்குது?"

"அந்த இடத்துக்கு ரெண்டு கோபுரம் வரவேணும். சாம்பல் கல் முடிஞ்சுது. ஒண்டோட விடுவம் எண்டு நினைச்சன்."

மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. சுவிசில் இருக்கும் மகள் கஜந்தியை அங்கேயே நின்று தொலைபேசியில் எடுத்து, என்ன நிறம், என்ன அளவு என்று என்னிடம் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சொன்னா. வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"ரெண்டையும் ஒழுங்காக் கட்டு, என்ன. நாளைக்கு ஒரு வேதக்காரர் வந்து பாத்தா ஒரு குறை சொல்லக்கூடாது."